ரக்கெற்றை இறுகப் பிடியாதீர்!

கார்த்திகை மாதத்தில் டென்மார்க்கில் மாலை நான்கு மணிக்கே இருள் கவிந்துவிடுகிறது. வேலை முடிந்து வரும் தந்தையும், பாடசாலை முடிந்து வரும் பிள்ளையும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தத்தமது திரைகளின் முன் அமர்ந்துவிடுகின்றனர். அவ்வேளையில் எந்தச் சிற்றூரிலும் ஒளி நிறைந்திருக்கும் கட்டடம் ஒன்று உண்டெனில், அது விளையாட்டு மண்டபமே. அங்கே எழுபது வயதுக் கிழவரும் ஏழு வயதுச் சிறுமியும் ரக்கெற்றும் கையுமாய் நிற்பதைக் காணலாம். எம்மவரை அங்கு காண்பது அரிதாகவே இருக்கிறது. ஆண்டுக்கொருமுறை நடைபெறும் சுற்றுப்போட்டிக்கு முதல்வாரம் மட்டும் ஓடிச்சென்று பழகுவோரை நான் இதில் சேர்க்கவில்லை.

பட்மின்ரனை முறையாகப் பழக விரும்பும் குடும்பங்களுக்கு, பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் உள்ள வீட்டில் ஓர் இரட்டையர் ஆட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள்.

பெயரில் ஒரு சிறு குழப்பம் உண்டு. ஊரில் நாம் இதனைப் பூப்பந்தாட்டம் என்போம். தமிழ்நாட்டிலோ பூப்பந்து என்றால், தஞ்சாவூரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும், மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தினால் ஓர் அணிக்கு ஐவர் நின்று ஆடும் வேறோர் ஆட்டம். அவர்கள் இதனை இறகுப்பந்து என்கிறார்கள். எப்பெயரிட்டு அழைத்தாலும் இவ்வாட்டம் எமது பக்கத்து மண்ணோடு உறவுடையதே. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் புனே நகரில் இதற்கு விதிகளை வகுத்தனர். பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று, போஃபோர்ட் கோமகனின் பட்மின்ரன் மாளிகையின் பெயரைப் பெற்றது. 1893இல் அங்கு சங்கம் அமைந்தது. 1899இல் அகில இங்கிலாந்துப் போட்டி தொடங்கியது. ஒலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக அது சேர்ந்தது 1992இல், பார்சிலோனாவில்.

ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் மட்டுமே வாழும் டென்மார்க், இவ்வாட்டத்தில் சீனாவோடும் இந்தோனேசியாவோடும் சரிநிகராக நிற்பது வியப்புக்குரியது. 1977இல் சுவீடனின் மல்மோ நகரில் முதலாவது உலக வல்லவர் போட்டி நடந்தபோது, ஒற்றையர் பட்டங்கள் இரண்டையும் டேனிஷ்காரரே வென்றனர். ஆண்களில் பிளெமிங் டெல்ஃப்ஸ், பெண்களில் லேன கொப்பன். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் போல் எரிக் ஹோயர் லார்சன் தங்கம் வென்றார். 2016இல், அதுவரை ஆசிய நாடுகள் மட்டுமே வென்றிருந்த தோமஸ் கிண்ணத்தை டென்மார்க் வென்றது. விக்டர் அக்செல்சன் 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024இல் பரிஸிலும் தங்கம் பெற்றார். இவர்கள் எல்லோரும் பிள்ளைப்பருவத்தில் ஏதோ ஓர் ஊர்க் கழகத்தில் ஆடத் தொடங்கியவர்களே. அத்தகைய கழகம் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில்தான் இருக்கும்.

எதை வாங்குவது?

முதலில் சப்பாத்து. ரக்கெற் அடுத்ததே. எமது பெற்றோர் பிள்ளைக்கு விலை கூடிய ரக்கெற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, தெருவில் ஓடும் சப்பாத்தோடு மண்டபத்துக்கு அனுப்புகிறார்கள். ஓட்டச் சப்பாத்தின் அடி தடித்து உயர்ந்திருப்பது முன்னோக்கி ஓடுவதற்காக. பட்மின்ரனில் பக்கவாட்டிலும் பின்புறமும் திடீரெனத் திரும்ப வேண்டும். உயர்ந்த அடியோடு அப்படித் திரும்பினால் கணுக்கால் மடங்கிவிடும். உள்ளரங்குக்கென்றே செய்யப்பட்ட, தாழ்ந்த, நிலத்தைப் பற்றிக்கொள்ளும் இறப்பர் அடியுள்ள சப்பாத்தே வேண்டும். அடி தரையில் கறுப்புக் கோடு போடாததாகவும் இருக்க வேண்டும். இல்லாவிடில் மண்டபப் பொறுப்பாளர் உள்ளே விடமாட்டார். அதனைத் தெருவில் போடாமல் பையில் கொண்டுசென்று அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

ரக்கெற்றைப் பொறுத்தவரை, பேரங்காடிகளில் இரண்டு ரக்கெற்றும் ஒரு வலையும் சேர்த்து மலிவாக விற்கும் பொதி கோடைகாலத்தில் புற்றரையில் ஆடுவதற்குரியது. பழகுபவருக்குப் பாரங்குறைந்த, நடுத்தர விலையுள்ள ஒன்று போதும். நரம்பை மிக இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள். 20 முதல் 22 இறாத்தல் இழுவிசை புதியவருக்குப் பொருத்தமானது. இறுக்கிக் கட்டினால் அடி பலமாகும் என்று எம் இளைஞர்கள் நம்புகிறார்கள். உண்மை அதற்கு மாறானது. தளர்ந்த நரம்பே சட்டிலைத் தூரத்துக்கு உந்தும். இறுகிய நரம்பு கட்டுப்பாட்டைத் தருமாயினும், அடி சரியாகப் படாதபோது முழங்கையை நோகச் செய்யும்.

சட்டில்கொக்கில் இருவகை உண்டு. இறகுச் சட்டிலில் 16 இறகுகள். நிறை 5 கிராம் அளவுதான். வாத்து அல்லது தாரா இறகுகளை, ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்துத் தக்கையில் பொருத்துவார்கள். வளைவு ஒரே திசையில் இருந்தாலன்றி அது ஒழுங்காகச் சுழன்று பறக்காது. பழகுபவர்க்கும் பிள்ளைகளுக்கும் நைலோன் சட்டில் சிக்கனமானது. அதன் தக்கையைச் சுற்றியுள்ள பட்டியின் நிறத்தைப் பாருங்கள்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகையால் மாரிகாலத்தில் சூடேற்றப்படாத மண்டபத்தில் சட்டில் தூரம் போகாது. வேகமானதை எடுக்க வேண்டும். இறகுச் சட்டிலானால் ஆடுவதற்கு முன்னர் கொதிநீராவியில் சில வினாடிகள் காட்டி எடுத்து ஆறவிடுங்கள். இறகு ஈரப்பதம் பெற்று எளிதில் முறியாது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், முறிந்த இறகைப் பிடுங்கிவிட்டுக் கோழி இறகைச் செருகி நாம் ஆடியதுண்டு. அது பறந்த விதத்தைப் பற்றி இங்கு எழுதத் தேவையில்லை.

பிடியும் அடியும்

இனி, கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். பட்மின்ரனில் தொண்ணூறு வீதமான குறைகள் பிடியில் பிறக்கின்றன என்பது எனது எண்ணம். எம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரக்கெற்றைத் தட்டகப்பை பிடிப்பதுபோல், தட்டு முகத்தை நோக்கி இருக்கப் பிடிக்கிறார்கள். வலையருகே நின்று தட்டுவதற்கு அது உதவும். பின்கோட்டிலிருந்து அடிக்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

சரியான பிடி எது? ரக்கெற்றின் தட்டைக் கத்திபோல் நிலத்துக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் பிடியோடு கைலாகு கொடுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஆங்கில ‘வி’ எழுத்துப் போன்ற இடைவெளி தோன்றும்; அதன் கூர் பிடியின் மேல்விளிம்பை நோக்கியிருக்க வேண்டும். இதுவே முன்கைப் பிடி. இடப்பக்கம் வரும் சட்டிலைப் புறங்கையால் அடிக்கும்போது, விரல்களால் ரக்கெற்றைச் சிறிது உருட்டிப் பெருவிரலைப் பிடியின் அகலமான பக்கத்தில் வைத்துத் தள்ளுங்கள். இடக்கைக்காரர் இவற்றை மாற்றிக் கொள்க. இந்த மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ வேண்டும். பிடியை இறுகப் பற்றியவரால் அது முடியாது. கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல, நழுவாமலும் நசுங்காமலும் வைத்திருங்கள். சட்டில் நரம்பில் படும் அந்தக் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்குங்கள். அடியின் பலம் தோளிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். முன்னங்கை சுழல்வதாலும் விரல்கள் இறுகுவதாலும்தான் பலம் வருகிறது. ஆகையால்தான் மெலிந்த பெண்பிள்ளை ஒருத்தி, தடித்த புயமுள்ள அண்ணனைவிடத் தூரம் அடிக்கிறாள். தொலைக்காட்சி பார்க்கும்போது ரக்கெற்றைக் கையில் கொடுத்து, இரண்டு பிடிகளையும் மாற்றி மாற்றி உருட்டச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும்.

தலைக்கு மேலான அடி இவ்வாட்டத்தின் உயிர். சட்டில் உயர்ந்து வரும்போது உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ரக்கெற் இல்லாத கையைச் சட்டிலை நோக்கி உயர்த்துங்கள். அந்தக் கை உடலின் சமநிலையைக் காக்கும். தோளையும் திருப்பி வைக்கும். ரக்கெற் தலைக்குப் பின்னே தாழ்ந்து, முழங்கை முன்னே வந்து, பின்னர் முன்னங்கை சுழல, எட்டக்கூடிய அதியுயர் இடத்தில், தலைக்குச் சற்று முன்னால் சட்டிலைச் சந்திக்க வேண்டும். கல்லெறிந்து மாங்காய் விழுத்தியவர்களுக்கு இவ்வசைவு புதியதன்று. இங்கு பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய சட்டிலொன்றைக் கையால் மண்டபத்தின் மறுகரைக்கு எறியச் சொல்லிப் பழக்கலாம்.

இந்த ஒரே அசைவிலிருந்து மூன்று அடிகள் பிறக்கின்றன. எதிரியின் பின்கோடு வரை உயர்த்தி அனுப்புவது கிளியர். வலைக்கு அப்பால் மெல்ல விழுத்துவது ட்ரொப். கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது ஸ்மாஷ். கடைசிக் கணம் வரை மூன்றும் ஒன்றுபோலவே தோன்ற வேண்டும். எம் இளைஞர்களுக்கு ஸ்மாஷ் ஒன்றே ஆட்டம். டேனிஷ் வீரர் மட்ஸ் பீலர் கோல்டிங் 2017இல் இந்தியாவில் நடந்த போட்டியொன்றில் மணிக்கு 426 கி.மீ. வேகத்தில் அடித்தார் என்பதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் அது ரக்கெற்றை விட்டுப் புறப்படும் கணத்து வேகம். இறகு காற்றைத் தடுப்பதால் உடனே தணிந்துவிடும். கோர்ட்டின் கடைசிக் கோட்டிலிருந்து புதியவர் அடிக்கும் ஸ்மாஷ், எதிரிக்கு இலகுவான பரிசாகவே போய்ச் சேரும். முதல் மூன்று மாதம் கிளியரையே பழகுங்கள். ஒரு பின்கோட்டிலிருந்து மறு பின்கோட்டுக்கு இருபது தடவை தவறாமல் அனுப்ப முடிந்த பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம்.

சேர்விஸ் போடும்போது இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றியிருக்க வேண்டும். சட்டிலை இடுப்புக்குக் கீழ் அடிக்க வேண்டும் என்பது பழைய விதி. இடுப்பு எங்கே தொடங்குகிறது என்ற வாதம் நடுவர்களுக்குப் பெருந்தலையிடியாக இருந்தது. 2018 முதல் பெரிய போட்டிகளில் நிலத்திலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழ் என்று அளவு வைத்துவிட்டார்கள். இரட்டையர் ஆட்டத்தில் புறங்கையால் வலையை உரசுமாப்போல் குறுகிய சேர்விஸ் போடுவதே நன்று. வலையின் உயரம் நடுவில் 1.524 மீற்றர்.

கால்களே ஆட்டத்தை ஆடுகின்றன

கோர்ட்டின் நீளம் 13.4 மீற்றர். ஒற்றையரில் அகலம் 5.18 மீற்றர், இரட்டையரில் 6.1 மீற்றர். இங்குள்ள மண்டபங்களின் தரையில் கைப்பந்து, கூடைப்பந்து, கரப்பந்து எனப் பல ஆட்டங்களின் கோடுகள் பல நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். பிள்ளையை முதல்நாள் கூட்டிச்செல்லும்போது பட்மின்ரன் கோட்டின் நிறத்தைக் காட்டி, அதன்மேல் ஒருதடவை நடக்கவிடுங்கள்.

ஒற்றையர் ஆட்டத்தில் தன் பக்கத்தின் நடுப்பகுதியே வீடு. அடித்தவுடன் அவ்வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். எதிரி சட்டிலை அடிக்கும் அக்கணத்தில் இரு கால்களாலும் ஒரு சிறு துள்ளல் துள்ளி, முழங்கால் சற்று மடிய இறங்குங்கள். எப்பக்கமும் பாய அதுவே ஆயத்தம். இதைச் செய்யாதவர் ஒவ்வொரு அடிக்கும் அரை வினாடி பிந்திப் புறப்படுகிறார். வலையருகே விழும் சட்டிலுக்கு, ரக்கெற் பிடித்த கையின் பக்கத்துக் கால் கடைசி எட்டாக நீள வேண்டும். குதிக்கால் முதலில் ஊன்ற, முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடிய வேண்டும். முழங்கால் உட்புறம் சரிந்தால் நாளடைவில் நோவு வரும்.

இதனைச் சட்டில் இல்லாமலே பழகலாம் என்பதுதான் சிறப்பு. நடுவில் நின்று முன்னிரு மூலைகள், பக்கங்கள் இரண்டு, பின்னிரு மூலைகள் என ஆறு இடங்களுக்கும் போய்வருவது போன்ற நிழலாட்டம் அது. ஒருவர் கையால் திசை காட்ட, மற்றவர் இருபது வினாடி ஆடி நாற்பது வினாடி ஆறுவது. இவ்வாறு எட்டுத் தடவை. வீட்டில் கயிறடித்தல் மிக நல்லது. மாடி வீட்டில் இருப்போர் கீழ்வீட்டாரை நினைத்து வெளியே போய்ச் செய்யுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பலூனைக் கொடுத்து, நிலத்தில் விழாமல் தட்டச் சொல்லுங்கள். மெதுவாக இறங்கும் பொருளைக் கண்ணால் தொடரும் பழக்கம் அதில் வந்துவிடும்.

இரட்டையரில் ஓர் எச்சரிக்கை. நீங்கள் முன்னே நிற்கையில், பின்னே நிற்கும் துணைவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்க்காதீர்கள். சட்டிலின் தக்கை கண்குழிக்குள் நேராகப் புகக்கூடிய பருமனுடையது. முகம் எதிரியை நோக்க, ரக்கெற் முகத்துக்கு முன்னே உயர்ந்திருக்கட்டும். கண்ணாடி அணியும் பிள்ளைகளுக்கு உடையாத பிளாஸ்ரிக் வில்லை வாங்குங்கள். இருவர் எங்கே நிற்பது என்பதற்கு, சட்டிலைக் கீழ்நோக்கி அடிக்கும் நிலை வந்தால் ஒருவர் முன் ஒருவர் பின், உயர்த்திக் கொடுத்துவிட்டால் இருவரும் பக்கம்பக்கமாக என்ற அளவில் தொடக்கத்துக்குப் போதும்.

புள்ளிக் கணக்கில் பழையவர்கள் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள். சேர்விஸ் போட்டவருக்கே புள்ளி, 15 வந்தால் வெற்றி என்பது நாம் ஊரில் ஆடிய கணக்கு. 2006இல் உலக சம்மேளனம் அதனை மாற்றி, யார் சேர்விஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி என்றும் 21 புள்ளிக்கு ஓர் ஆட்டம் என்றும் வைத்தது. எத்தனை புள்ளிக்கு ஆடுவது என்பதை ஆட்டத்துக்கு முன் கேட்டுக்கொள்வது நன்று. சேர்விஸ் போடுபவரின் புள்ளி இரட்டை எண்ணாயின் வலப்பக்கத்திலிருந்தும், ஒற்றை எண்ணாயின் இடப்பக்கத்திலிருந்தும் போட வேண்டும்.

நாற்பது கடந்த தந்தையர்க்கு

இப்பகுதியைக் கவனமாகப் படியுங்கள். குதிக்காலின் பின்புறத்தில் கெண்டைத் தசையை எலும்போடு இணைக்கும் தடித்த நாண் அறுந்துபோவது பட்மின்ரனில் நன்கறியப்பட்ட விபத்து. முப்பது, நாற்பது வயது ஆண்களையே அது பெரிதும் தாக்குகிறது. வாரம் முழுவதும் உணவகத்திலோ துப்புரவு வேலையிலோ நின்று களைத்து, உடலைச் சூடாக்காமல், ஆண்டுக்கொருமுறை சுற்றுப்போட்டியில் இறங்கி இருபது வயதுக்காரனாய்ப் பாய்பவரே இதற்கு இலக்கு. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலவும், ‘டக்’ என்ற ஒலி கேட்டது போலவும் இருக்கும். திரும்பிப் பார்த்தால் எவரும் இரார். அதன்பின் அந்தக் கால்விரல் நுனியில் எழும்பி நிற்க இயலாது. நோவு தணிந்துவிட்டது என்று எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே அவசர மருத்துவ இலக்கத்துக்கு அழையுங்கள். பிந்தினால் குணமாவது கடினம். மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத நிலை, ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு குடும்பத்துக்கு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தடுக்கும் வழி எளியது. ஆட முன் பத்து நிமிடம் மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, கைகால் சுழற்றுதல், பின்னர் வலையருகே மெதுவான அடிகள். வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிக்காலை உயர்த்தி மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சி, பதினைந்து தடவையாக மூன்று முறை. நீரிழிவு, இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டபின் இறங்குங்கள். இன்சுலின் எடுப்பவர் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வயது வரை அண்ணனோடு மண்டபத்துக்கு வந்த பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நின்றுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். “மாஸ்ரர், இனிப் படிப்புக் கூடிப்போச்சு, அவள் நிக்கட்டும்” என்று தாய்மார் சொல்வார்கள். அதே படிப்பு அண்ணனுக்கும் கூடித்தான் இருக்கிறது, அவன் நிற்பதில்லை. உடையே உண்மையான தயக்கம் என்றால், அதற்கு விடை உண்டு. பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று 2011இல் உலக சம்மேளனம் ஒரு விதியைக் கொண்டுவர முயன்று, எதிர்ப்புக் கிளம்பியதால் 2012இல் அதனைக் கைவிட்டது. முழுக்கால் உடையோடு ஆடலாம். பயிற்சியாளரிடம் பிள்ளையைக் கேட்கவிடாமல் நீங்களே போய்ப் பேசுங்கள். பேச டேனிஷ் மொழி போதாது என்று வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பும் தந்தையர்க்கு ஒன்று: இங்குள்ள கழகங்கள் சம்பளமின்றி உழைக்கும் பெற்றோராலேயே பெரிதும் நடக்கின்றன. வலை கட்டவும் கோப்பி ஊற்றவும் ஆள் தேவை. அந்த வேலைக்கு இலக்கணம் தேவையில்லை; செய்யச் செய்யப் பேச்சும் வரும்.

பருவம் பெரும்பாலும் கோடை விடுமுறை முடிந்து தொடங்கிப் பங்குனி, சித்திரை வரை நீடிக்கும். இடையில் சேர்வதற்கும் பல கழகங்கள் இடங்கொடுக்கின்றன; முதல் ஓரிரு தடவை கட்டணமின்றி ஆடிப்பார்க்க விடுவதுமுண்டு. கட்டணம் சுமையாக இருப்பின், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் கழகச் சந்தாவுக்குச் சில கொம்யூன்கள் உதவுகின்றன. உங்கள் கொம்யூனில் அது உண்டா என்று கேளுங்கள். ரக்கெற் கழகத்திலேயே இரவலாகக் கிடைக்கும். சப்பாத்தை மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.